ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

என் அக்காவைக் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. முதலாளி, மாவு மூட்டை இறக்குகிறவர்கள், முட்டைக்காரர் என்று எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான். பொம்பளையைப் போய் மாஸ்டர் என்பார்களா என்று புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தன் கேட்டான். "பேக்கரி மாஸ்டருக்கு மீசை வேணாம்பா, மணிக்கட்டு இருந்தாப் போதும்" என்று சொல்லி, மாவு பிசைகிற தொட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அன்று சாயங்காலம் அந்த ஆளால் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. அதற்கப்புறம் அவனும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டான்.

நான் அவளுடைய தங்கை. அதே கடையில் முன்பக்கம் நிற்கிறேன். கேக் பெட்டி மடிப்பது, ரிப்பன் கட்டுவது, வாங்க வருகிறவர்களிடம் சண்டை போடாமல் பேசுவது, இதெல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் கொஞ்சம் கஷ்டம். அத்தான் இறந்துபோன பிறகு அக்காவும் நானும் கடைக்குப் பின்னால் ஒரு மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். அடுப்பின் புகைபோக்கி எங்கள் சுவரை ஒட்டித்தான் போகிறது. குளிர்காலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு காப்பி குடிப்போம். வெயில்காலத்தில் அதே சுவரைத் திட்டுவோம்.

ஒருநாள் காலையில், ரொட்டித் தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்குகிறது. முதலாளி தன் காரிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா வந்து, பயப்பட ஒன்றுமில்லை, வெறும் வயிற்றோடு அனல் முன்னால் நின்றதால் வந்த மயக்கம் என்றார். நான் நிம்மதியாக மூச்சு விடப் போனேன். அவர் விடவில்லை.

"ஆனா ரத்தத்துல கொழுப்பு ரொம்ப அதிகமா இருக்கு."

"அது எங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும் டாக்டர்" என்றேன். பயத்தில் வாய் உளறியது. அக்கா படுத்தபடியே என் தொடையைக் கிள்ளினாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார். எங்கள் அப்பா ஐம்பத்து நாலு வயதில் ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். ஒரு செருப்பைத்தான் கழற்றினார். இன்னொன்று காலிலேயே இருந்தது. அக்காவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

டாக்டரம்மா விளக்கமாகத்தான் சொன்னார். வெண்ணெய், கிரீம், பொரித்தது, கேக், பிஸ்கட் எல்லாம் குறைய வேண்டும். ஓட்ஸ், பயறு, காய், பழம், மீன் என்று சாப்பாடு மாற வேண்டும். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அரைமணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்போம், குறையாவிட்டால் மாத்திரை.

"நான் நாள் பூரா நின்னுக்கிட்டேதானே டாக்டர் இருக்கேன்" என்றாள் அக்கா.

"நிக்கறது நடக்கறது ஆகாதும்மா. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கற மாதிரி நடக்கணும். கூட வர்றவங்களோட பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்."

"பேசினாப் போதும்ல? சண்ட போடலாமா?"

"தாராளமா."

அண்ணன் அன்றைக்கே வந்தான். எங்கள் மூத்தவன். மரச்சாமான் கடையில் விற்பனைப் பொறுப்பாளன். கடையில் இருக்கிற எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்து, அதற்கேற்ற உடம்பும் வைத்திருக்கிறான். அவனோடு முதலாளியும் வந்தார். இரண்டு பேரும் எங்கள் அறையில் உட்கார்ந்ததும் எனக்கு நிற்கத்தான் இடம் இருந்தது.

"போதும். வேலைய விட்டுடு. என் வீட்ல வந்து உக்காரு. அண்ணிக்கும் துணையா இருக்கும்" என்றான் அண்ணன்.

"அண்ணிக்குத் துணையா, உங்க வீட்டு அடுப்புக்குத் துணையா? அதச் சொல்லு முதல்ல."

"நல்லதுக்குச் சொன்னா எடக்குப் பேசாத. அப்பாவப் பாத்தல்ல?"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்று என் வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அப்பாவின் காலிலிருந்த அந்த இன்னொரு செருப்பைக் கழற்றியவன் அவன்தான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "மாஸ்டர், எனக்கும் பயமா இருக்கு. அனல் முன்னாடி உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? என் மச்சான் கடையில ஒருத்தர் இருக்காரு. ரெடிமேட் கேக் பொடி, மெஷின், எல்லாம் தெரிஞ்சவரு. நீங்க முன்னாடி வந்து தங்கச்சியோட பெட்டி மடிங்க. சம்பளம் கொறைக்க மாட்டேன்."

பெட்டி மடிக்கச் சொன்னதும் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பெட்டி மடிப்பது கேவலமா என்று எனக்கே சுருக்கென்றது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. அவளுக்கு அந்த அடுப்பைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை, அத்தான் இல்லை. அந்த அடுப்பில் எந்த மூலை சூடு, எந்த மூலை மந்தம் என்று உள்ளங்கையை நீட்டியே சொல்வாள்.

"பொட்டலத்தக் கிழிச்சுக் கொட்டறவன் என் அடுப்பத் தொடறதா? மூணு மாசம் குடுத்திருக்காங்க டாக்டர். அதுவரைக்கும் யாரும் வாயத் தெறக்கக் கூடாது. கொறையலைன்னா நானே ஏப்ரனக் கழட்டி உங்க கையில குடுக்கறேன் முதலாளி. கொறைஞ்சா, ரெண்டு பேரும் இந்தப் பேச்ச எடுக்கவே கூடாது" என்றாள்.

அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. அடுப்பு அவளுக்கா, பொட்டலக்காரனுக்கா என்பது அவள் ரத்தத்தில் இருந்தது.

வாயைக் கட்டு, வயிற்றைக் கட்டு என்பார்களே, அதை என் அக்கா சங்கிலி போட்டே கட்டினாள். வீட்டில் வெண்ணெய் டப்பா கழுவிக் கவிழ்க்கப்பட்டது. காலையில் ஓட்ஸ், மத்தியானம் பயறும் கீரையும், சாயங்காலம் ஆப்பிள், ராத்திரிக்குக் காய் போட்ட சூப்போ எண்ணெய் தொடாமல் சுட்ட மீனோ. அவளோடு சேர்ந்து எனக்கும் அதே. "எனக்குக் கொழுப்பு இல்லையேக்கா" என்றால், "வரதுக்குள்ள பழகிக்க" என்பாள். ஓட்ஸை நான் சுவரொட்டி ஒட்டுகிற பசை என்று சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டுக் கிண்ணத்தை டொக்கென்று வைப்பாள்.

நடைக்குத்தான் நேரம் இல்லை. ஊர் நடக்கிற விடிகாலையில் அவள் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அதனால் மத்தியானம், ரொட்டி முடிந்து கேக் தொடங்குகிற இடைவெளியில், ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் இறங்கினாள். முழங்கை வரை மாவு. நானும் கூட ஓட வேண்டும், ஏனென்றால் பேச முடிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமாம். பழக்கடை, துணிக்கடை, பஸ் நிறுத்தம், பாலத்துப் படிக்கட்டு ஏறி இறங்கி, அப்படியே திரும்பி. தெருவே வேடிக்கை பார்த்தது.

"என்ன மாஸ்டர், யாரத் துரத்திட்டுப் போறீங்க?" என்றார் தையல்காரர்.

"நான் துரத்தல. எமன் துரத்தறான். முடிஞ்சாப் புடிக்கச் சொல்லுங்க!"

பழக்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதல் வாரம் பாலத்துப் படிக்கட்டில் அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாய் போல இரைத்தாள். போகப் போக, ஏறிக்கொண்டே என்னைத் திட்ட ஆரம்பித்தாள். பிறகு அண்ணனைத் திட்டினாள். அதன் பிறகு முழுசாக ஒரு மூச்சில் பொட்டலக்காரனைத் திட்டிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தாள். நான்தான் நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்தோம். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"பெரிசா ஒண்ணும் கொறையலையேம்மா."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். தினமும் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அக்கா ஒப்பித்தாள். இடையில் ஏதாவது கொறிப்பீர்களா என்று கேட்டார். "பச்சத் தண்ணி தவிர ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொன்னாள். சில பேருக்கு இது பரம்பரையாகவே இருக்கும், உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லி டாக்டரம்மா ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். நடையை விடாதீர்கள், மறுபடி பார்ப்போம் என்றார்.

அண்ணனுக்கு டாக்டரம்மா சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. "திருட்டுத்தனமாத் தின்னுருக்கா. அத்தன வெண்ணெய்க்கு நடுவுல நிக்கறவ சும்மா இருப்பாளா? பூனையப் பாலுக்குக் காவல் வச்ச மாதிரி" என்றான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த வாரத்திலிருந்து பொட்டலக்காரரை வரச் சொல்லியிருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அழுதுகொண்டே காய் நறுக்கினாள். கத்தி பலகையில் விழுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நான் திருடித் தின்னேனா? நீ சொல்லுடி. ஒருநாளாவது பாத்தியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

நான் பார்க்கவே இல்லை. அதனால்தான் மறுநாள் முதலாளியிடம் சண்டை போட்டு, கல்லாவுக்கு அவரையே நிற்கச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். நாள் முழுக்கக் கூடவே இருந்து, அக்கா ஒரு துரும்பும் தின்னவில்லை என்று அண்ணன் மூஞ்சிக்கு நேராகச் சாட்சி சொல்ல வேண்டும். அந்த ஒரே எண்ணத்தோடுதான் போனேன்.

விடிகாலையிலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அக்கா ஒன்றும் தின்னவில்லை. வேலைதான் செய்தாள். பிஸ்கட் மாவைக் கிள்ளி வாயில் போட்டு உப்புப் பார்த்தாள். கிரீமை விரலில் தொட்டு நக்கினாள், சர்க்கரை போட்டாள், மறுபடி நக்கினாள். வெண்ணெய்க் கட்டி புதிதா என்று ஒரு ஓரம் சீவி நாக்கில் வைத்துக் கரைத்தாள். பட்டர் கேக்கைச் சதுரமாக வெட்டும்போது விழுந்த ஓரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பொரித்தெடுத்த டோநட்டில் முதலாவதைப் பிட்டு உள்ளே வெந்திருக்கிறதா என்று மென்று பார்த்தாள். நானும் பேக்கரியிலேயே வளர்ந்த கழுதைதானே? எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் மனசுக்குள் அண்ணனிடம் பேச வேண்டிய வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? காலைலேர்ந்து பச்சத் தண்ணி பட்டுச்சா என் வாயில?"

அவள் மேலுதட்டில் கிரீம் இருந்தது. வாய்க்குள் கேக் ஓரம் இருந்தது.

எனக்குப் பகீரென்றது. எழுந்துபோய் முன்பக்கத்திலிருந்து ஒரு கேக் பெட்டியை எடுத்து வந்து மடித்தேன். அதற்கப்புறம் அவள் எதை வாயில் போட்டாலும், அதே அளவு ஒன்றை எடுத்து அந்தப் பெட்டியில் போட்டேன். நக்கின கிரீமுக்குக் கிரீம், கிள்ளின மாவுக்கு மாவு. உடைந்த பிஸ்கட், சாக்லேட்டுத் துருவல், கோணலாகப் போன பஃப். என்னடி பண்ற என்று கேட்டாள். குப்பை அள்ளறேன் என்றேன். வேலை முடிந்து அவள் கை கழுவப் போனபோது நான் மூடியை அழுத்தினேன். மூடி மூடவில்லை.

மாடிக்குக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "இது என்ன?" என்றாள். "நீ இன்னிக்குத் தின்னது" என்றேன்.

"போடி லூசு. இது வேலைடி! ருசி பாக்கறதெல்லாம் சாப்பாட்டுல சேருமா?"

அவள் பொய் சொல்லவில்லை. எந்தப் பேக்கரியில் போய் எந்த மாஸ்டரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். முதல் துண்டு மாஸ்டர் வாயில், அப்புறம்தான் கண்ணாடி அலமாரியில் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லிக்கொடுத்தது. வெளியிலிருந்து வருகிறவன் யாராக இருந்தாலும் முதல் நாளே கண்டுபிடித்திருப்பான். எங்களுக்குத்தான் கண் தெரியவில்லை. முப்பது வருஷமாக அவள் விழுங்கியதெல்லாம் வேலைக் கணக்கில் போய்விட்டது.

அக்கா தானே மூடியை அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்தது. பிறகு குபீரென்று சிரித்தாள். "அடிப்பாவி. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்களே, அது நான்தானா?" என்றாள். சிரிப்பு நின்றதும் முகம் இருண்டது.

"தூக்கிப் போட்டுடறேன்க்கா. யாருக்கும் தெரிய வேணாம். அண்ணன் பாத்தா இதையே புடிச்சிக்குவான், திருடித் தின்னான்னு" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளுடைய அடுப்புப் போய்விடுமே.

"எதுக்கு ஒளிக்கணும்? நான் என்ன கொலையா பண்ணேன்? நல்லா ரிப்பன் கட்டு" என்றாள்.

மறுநாள் முதலாளியையும் அண்ணனையும் பின்கட்டுக்கு வரச் சொன்னாள். பொட்டலக்காரரும் வந்திருந்தார். பாவம், சாதுவான மனுஷன், இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர். மேஜை நடுவில் பெட்டியை வைத்து, அக்கா ரிப்பனை உருவினாள். மூடி தானாகவே எழும்பியது.

"இதுதான் நான் ஒருநாளைக்கு ருசி பாக்கறது. நேத்து தங்கச்சி அளந்து போட்டா. நான் திருடல அண்ணே. ஆனா தின்னேன். தெரியாமத் தின்னேன்."

அண்ணன் குதித்தான். "பாத்தியா! நான் அப்பவே சொல்லல? அடுப்ப விட்டுத் தொலைன்னு!"

"தப்பு அடுப்புல இல்ல. என் தொண்டையில இருக்கு. ருசி தெரியறது நாக்குல. தொண்டைக்கு அங்க என்ன வேலை? இனிமே மெல்லுவேன், முழுங்க மாட்டேன். துப்பிடுவேன்."

"துப்புறதா? கேக்கையா? கடையிலயா?" முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "மாஸ்டர், வெளிய தெரிஞ்சா கடைப் பேரு என்ன ஆகும்?"

"உங்க கடைக்குப் பேரு நான் முழுங்கினதுனால வந்துச்சா, சுட்டதுனால வந்துச்சா?"

முதலாளி பொட்டலக்காரரைப் பார்த்தார். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "அவங்க சொல்றது நியாயம்தாங்க. எனக்கும் சேத்து ஒரு டெஸ்ட் எடுக்கணும் போல" என்றார். எனக்கு அந்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. டாக்டர் மறுபடி ரத்தம் பார்க்கிற வரைக்கும் பொறுப்பது என்று முதலாளி இறங்கி வந்தார். அதற்கு மேல் ஒருநாள் கூட இல்லை என்றும் சொன்னார்.

டாக்டரம்மாவிடம் பெட்டியைக் கொண்டுபோகவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னோம். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். துப்புவது நல்ல யோசனை, ஆனால் மாத்திரையும் நடையும் இருக்கட்டும், ஒன்றை நம்பி ஒன்றை விட்டுவிடாதீர்கள் என்றார்.

துப்புவது சுலபம் என்று நினைக்காதீர்கள். வாயில் சூடான பட்டர் கேக். உடம்பு முழுக்க விழுங்கு விழுங்கு என்கிறது. அக்கா எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று துப்புவாள், வாயைக் கொப்பளிப்பாள், கை கழுவுவாள். முதல் நாட்களில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலைன்னு சொல்வாங்க. எனக்கு வாய்க்கும் எட்டி வயித்துக்கு எட்டல" என்பாள். முடிந்த இடத்தில் மூக்கையும் விரலையும் நம்ப ஆரம்பித்தாள். கேக் ஓரங்களையெல்லாம் வெட்டியவுடனே தட்டில் போட்டு முன்பக்கம் அனுப்பிவிடுவாள். நாங்கள் அதைப் பொட்டலம் கட்டி மலிவாக விற்றோம். நன்றாகவே போனது.

வினை ஒரு வாடிக்கைக்காரி ரூபத்தில் வந்தது. பின்கட்டிலிருந்து முன்பக்கத்துக்குத் தட்டு நீட்டுகிற ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் கண்ணில் அக்கா துப்புவது பட்டுவிட்டது. அவ்வளவுதான். பேக்கரி மாஸ்டர் கேக்கில் எச்சில் துப்புகிறாள் என்று சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் கடையில் ஈ ஓட்டினோம். அதற்கு அடுத்த நாள் ஒரு கூட்டமே வாசலில் நின்று கிசுகிசுத்தது, உள்ளே வரவில்லை. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "முடிஞ்சுது மாஸ்டர். இனிமே என்னால தாங்க முடியாது" என்றார்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று அது தலைக்கு மேலேயே போய்விட்டது. ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் கேக் தட்டு. நேராக முன்பக்கம் வந்து, கதவை விரியத் திறந்து, வாசலில் நின்றாள்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க! எனக்கு ரத்தத்துல கொழுப்பு. எங்கப்பா அதுல போனாரு. நான் போக மாட்டேன்!" கேக்கில் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். டம்ளரில் துப்பினாள். "இதுதான் நான் துப்பறது. இதுலதான் துப்பறேன். கேக்குல இல்ல. உங்களுக்குப் போடற கேக்க ருசி பாக்காமக் குடுக்கவும் மாட்டேன், அத முழுங்கிச் சாகவும் மாட்டேன். சந்தேகம் இருக்கறவங்க உள்ள வந்து நின்னு பாருங்க. கூச்சமா இருந்தா வேற கடைக்குப் போங்க!"

தெரு கப்சிப். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இவள் என் அக்கா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

முதலில் அசைந்தது பழக்கடைக்காரி. வாயைப் பொத்திச் சிரித்தாளே, அவள்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி வந்து, "ஒரு ரொட்டி குடும்மா" என்று என்னிடம் கேட்டாள். பிறகு அக்காவிடம் திரும்பி, "மாஸ்டர், எனக்கும் அந்த வியாதி இருக்கு. மத்தியானம் நடக்கப் போறப்ப ஒரு குரல் குடுங்க" என்றாள். அப்புறம் தையல்காரர் வந்தார். வாடிக்கைக்காரி ஒரு வாரம் கழித்து, ஒன்றும் நடக்காதது போல் வந்து பிஸ்கட் வாங்கிப் போனாள். நான் சண்டை போடாமல் கொடுத்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மறுபடி ரத்தம் கொடுத்த அன்று அண்ணனும் வந்தான். அக்காதான் வரச் சொன்னாள். ரத்தம் எடுக்கிற இடத்தில் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "இவருக்கும் எடுங்க" என்றாள். "எனக்கு எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பின்வாங்கினான். "அப்பாவுக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு" என்றாள். அவன் முகம் சுண்டிப்போனது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினான். இத்தனை நாள் எங்கள் மேல் காட்டிய அதட்டலெல்லாம் பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்காவுக்குக் குறைந்திருந்தது. நன்றாகவே குறைந்திருந்தது. "மாத்திரையா, நடையா, துப்புனதா?" என்று கேட்டேன். "மூணும்தான். எதையும் விடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அண்ணனுடைய தாளைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தோம். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். அக்கா அவரைத் தாண்டிப் போனாள். உள்ளே போய் ஏப்ரனைக் கட்டினாள், அடுப்பைத் திறந்து உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள், மூடினாள். பிறகு கட்டிய ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். அவளுடைய பழைய வாக்கு ஞாபகம் வந்து முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மாஸ்டர்? கொறையலையா?"

"கொறைஞ்சுது." ஏப்ரனை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினாள். "ஏய், ஒரு பட்டர் கேக். சின்னத் துண்டு. தட்டுல வச்சு, ஃபோர்க்கோட கொண்டா."

"உனக்கு என்ன பைத்தியமா? இப்பத்தானே கொறைஞ்சிருக்கு!" என்று பதறினான் அண்ணன்.

"டாக்டரக் கேட்டுட்டேன். எப்பவாவது ஒரு துண்டு சாப்பிடலாம். இது ருசி பாக்கறது இல்ல அண்ணே, சாப்பாடு. கணக்குல சேத்துக்க. நீ கையக் கட்டிட்டு உக்காரு. நாளைக்கு மத்தியானம் ஷூ போட்டுட்டு வந்துடு."

நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் ஃபோர்க்கால் ஒரு மூலையை வெட்டி, வாயில் வைத்து, மெதுவாக மென்று விழுங்கினாள். டம்ளரைத் தேடிக் கை ஒருமுறை நீண்டது, பிறகு மடிக்குத் திரும்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் இந்தக் கடையில் கேக் சுட்டிருக்கிறாள், உட்கார்ந்து ஒரு துண்டு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, ஃபோர்க்கைத் தட்டின் நடுவில் வைத்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "சர்க்கரை தூக்கல்டி. ஒரு துண்டு முழுசாத் தின்னாத்தான் தெரியுது. இத்தன வருஷமா ஒருத்தராவது சொன்னீங்களா?"

எழுந்து ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். "நாளைக்குக் கொறைச்சுப் போடறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.